புகைப்புரைக்குள் ஒரு ரயில் இருக்கை

நிலத்துக்கு அடியில் ஓடும் ஒரு ரயிலின் இருக்கைத் துணி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது கேரள எல்லையிலுள்ள வெள்ளறடையில், எங்கள் வீட்டு ரப்பர் புகைப்புரைக்குள் வைத்து முடிவானது என்று சொன்னால் என் சிநேகிதிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று அந்தப் புகைப்புரைக்குள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

முடிவு செய்தவர் மாமி. எங்கள் பக்கம் அப்பாவின் தங்கையை மாமி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு பெருநகரத்தில், ரயில் பெட்டிகளின் உட்புறத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். இருக்கை, தரை, பிடித்துக்கொள்ளும் கம்பி எல்லாம் அவர் பொறுப்பு. இப்படியும் ஒரு வேலை இருக்க முடியுமா என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம். சர்ச் சபையில் யாராவது விசாரித்தால், ரயில்வேயில் இருக்கிறாள் என்று சொல்லி முடித்துவிடுவார்.

அந்த மழைக்காலத்தில் மாமி ஒரு பெட்டி நிறையத் துணியோடு வந்து இறங்கினார். லீவு முடிந்து போகும்போது ஒன்றை முடிவு செய்துகொண்டு போயாக வேண்டுமாம். மண்ணுக்கடியில் வெயில் கிடையாது, துணியை வெயிலில் பார்த்து என்ன பிரயோசனம் என்று சொல்லி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவர், கடைசியில் புகைப்புரையைப் பிடித்தார். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கும் அறை அது. ஜன்னல் இல்லை, சுவரெல்லாம் கரி. மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றிருந்ததால் காலியாகக் கிடந்தது. உள்ளே ஒரு பெஞ்சைப் போட்டு, தரையில் ரயில் தரைக்கான விரிப்பைப் பரப்பி, ஷீட் தொங்கும் மூங்கிலில் மங்கலாக ஒரு விளக்கைக் கட்டினார். கூட்ட நேரத்தில் ஆட்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்பார்கள், அப்போது கிடைக்கிற வெளிச்சம் இவ்வளவுதான் என்றார்.

துணிகளில் இரண்டு மட்டும் மிஞ்சின. ஒன்று பால் சேர்க்காத கட்டன்காப்பி நிறம், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ரப்பர் இலைகள் அதில் ஓடும். அந்த இலைகளை வரைந்தது மாமி. அதைத் தடவும்போது அவர் முகமே மாறிவிடும். மற்றது அலுவலகத்தில் வேறு யாரோ போட்டது. கடுகு மஞ்சள், ஓரத்தில் தடித்த நீலக் கரை. பெயின்ட் கடை மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். மாமிக்கு அந்தக் கருத்து ரொம்பப் பிடித்தது.

அப்பா வேன் ஓட்டினார். எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி, மாலையில் வீடு வீடாக இறக்கிவிடுகிற வேன். முன் சீட்டு எனக்கு. அந்த வருஷம் எங்களுக்குள் ஒரு விளையாட்டு தொடங்கியிருந்தது. மாலையில் வானம் மூடிக்கொண்டதும் அப்பா தணிந்த குரலில், "முன்ன என்ன வருகு மக்கா?" என்று கேட்பார். பஸ், ஆட்டோ, குழி, சைக்கிள் என்று நான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தப்பில்லாமல் சொன்னால் கடலைமிட்டாய். மிட்டாய் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டு விழும் என்பதால் இது எங்கள் இருவருக்குள் மட்டும். நான் ஒரு ஆட்டோவைக்கூட விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

மாமி எங்களைப் பயணிகளாக்கிய சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டு விட்டுப் பெய்தது. சபைப் பாடகர் குழுவை நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். சர்ச் வாசலில் அவர்கள் காத்து நின்றார்கள். நானும் வரட்டும் என்று அப்பாவே சொல்லியிருந்தார். புறப்படும் முன் ஒரு தடவை உட்கார்ந்து காட்டிவிட்டுப் போ என்று மாமி அவரைப் பிடித்து நிறுத்தினார்.

அம்மா முதலில் உட்கார்ந்தார். அழுக்குத் தெரியாது, இதுவே போதும் என்று மாமியின் இலைத் துணிக்கு ஓட்டுப் போட்டார். அந்தத் துணி பெஞ்சில் விரித்தபடி இருக்க, அடுத்து அப்பா. வாசலில் சற்று நின்றார். டிக்கெட் எவ்வளவு என்று வேடிக்கையாகக் கேட்டார். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தரையைக் காலால் தடவித் தடவி வந்தார். ஏதோ கோமாளித்தனம் செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி, பெஞ்சே இல்லாத இடத்தில் உட்கார்ந்தார்.

விழுந்த சத்தத்தில் நான் கை தட்டினேன். அம்மாவும் சிரித்தார். விரிப்பு வழுக்கிவிட்டது என்று அப்பா சிரித்தபடியே எழுந்தார். மாமி சிரிக்கவில்லை. இலைத் துணியை உருவிவிட்டு மஞ்சள் துணியைப் பெஞ்சில் விரித்தார். இன்னொரு தடவை வாசலிலிருந்து வரச் சொன்னார். அப்பா நேராக நடந்து வந்து உட்கார்ந்தார். மாமி மறுபடி இலைத் துணியை எடுத்தபோது அப்பாவின் குரல் மாறியது. ஆட்கள் காத்து நிற்கிறார்கள், விளையாட நேரமில்லை என்றார்.

விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமி, எங்களுக்க விளையாட்டு இதவிட நல்லதாக்கும். நான் குழி உண்டு, பஸ்சு உண்டு எண்ணு சொல்லுவேன். அப்பா ஓட்டும்."

மாமி வாசலருகே ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். கோபம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மலையாளம் வந்துவிடும். மாமியும் மலையாளத்தில் ஏதோ தொடங்கி, பாதியில் தமிழுக்கு மாறினார்.

"எத்தன நாளாச்சு அண்ணா?"

"பழகின ரோடு ஆக்கும். சாவியத் தா."

"தரமாட்டேன். இனி நீ வண்டி எடுக்காண்டாம்."

"பிள்ளைய வச்சிட்டு என்ன பேச்சு பேசுக. தா எண்ணு சொன்னேன்லா."

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். எனக்கு பயமாக இருந்தது. அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. நீட்டிய கை மாமி நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, கரிச்சுவரைப் பார்த்து நின்றது. மாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அறையில் அப்பா கண்ணுக்குத் தெரிந்தது மஞ்சள் ஒன்றுதான் போலிருக்கிறது. கையை மடக்கிக்கொண்டு, நேராகப் போய் அதில் உட்கார்ந்தார்.

பாடகர் குழு வேறு வண்டியில் போனது. வேன் கொஞ்ச நாளில் காட்டாக்கடை ஊர்க்காரர் ஒருவர் கைக்குப் போய்விட்டது. மாலைக்கண், இனி கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொன்னதாக அம்மா யாரிடமோ போனில் அழுதார். அப்பா பாறசாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் பகல் வேலைக்குப் போனார். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன் சீட்டும் கடலைமிட்டாயும் போயிற்று, அதற்குக் காரணம் மாமி என்பதுதான். நகரத்துக்குத் திரும்பும்போது அவர் மஞ்சள் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, தான் வரைந்த இலைத் துணியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அது தையல் மெஷினுக்கு உறையானது. நல்லதையும் கெட்டதையும் பார்த்துச் சொல்லத் தெரியாதவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் வேலையை யார் கொடுத்தார்கள் என்று எனக்குக் கோபம். கிறிஸ்துமஸ் வரை அவரோடு போனில் பேசவில்லை.

போன மாதம் அப்பாவை அந்த ரயிலில் கூட்டிப்போனேன். இப்போது அந்த நகரத்தில்தான் எனக்கும் வேலை. படிக்கட்டு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். பெட்டியின் கதவு திறந்தது. மங்கிய வெளிச்சத்தில், சாம்பல் நிறத் தரைக்கு மேலே வரிசையாகக் கடுகு மஞ்சள், ஓரத்தில் நீலக் கரை. அப்பா என் கையை விட்டார். யாரையும் கேட்காமல், எதையும் தடவாமல் நடந்து போய் உட்கார்ந்தார்.

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்ததும் என் பக்கம் சாய்ந்து, "முன்ன என்ன வருகு மக்கா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண்ணாடிக்கு வெளியே எனக்கும் எதுவும் தெரியவில்லை. பின்னால் அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, என் வாய்ச்சொல்லை நம்பித்தான் அவர் அந்த ரோட்டில் வண்டியை விட்டார் என்று ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? நான் மிட்டாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.