வாசலில் நின்ற கொடி

வழிபாட்டுப் பொருள் ஒன்றைத் துறைமுக வாசலில் தடுத்து வைத்தால், பதினான்கு நாளுக்குள் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது விதி. முப்பத்தொரு வருடம் அந்த வாசலில் எழுதுவினைஞனாக இருந்தவன் சொல்கிறேன். இன்று காலை சட்டைப் பொத்தான் தேடித் தையல் டப்பாவைத் திறந்தேன். பித்தளைப் பொத்தான் ஒன்று விரலில் பட்டது. கோபம் அப்படியே திரும்பி வந்தது.

அது ஒரு கொடியிலிருந்து உதிர்ந்தது. தைத்தவர் யோசப், ஹெயிட்டித் தீவுக்காரர். முதலாளி கைவிட்டதால் ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் குடாவில் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பலின் சமையற்காரர். கப்பல் வந்த முதல் மாதமே, வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி தவறி விழுந்து மூழ்கிப்போனான். உடல் கிடைக்கவில்லை. இறந்தவரின் ஆவி ஒரு வருடமும் ஒரு நாளும் தண்ணீருக்கடியில் இருக்கும், அன்றைக்குக் கொடி பிடித்து அழைத்தால்தான் மேலே வரும் என்பது யோசப்பின் நம்பிக்கை.

மீன் சந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து, கோதுமைச் சாக்குத் துணியில் கொடியைத் தைத்தார். நடுவே வாள் குத்திய மாதாவின் இருதயம். அவருக்கு அவள் மாதாவும்தான், ஆப்பிரிக்காவிலிருந்து முன்னோருடன் கப்பலேறி வந்த தெய்வமும்தான். சுற்றிவர சோடா மூடி, பித்தளைப் பொத்தான், கண்ணாடித் துண்டு. சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்வராணி அக்கா, அம்மனுக்குச் சாத்திய சேலையின் கரையைக் கிழித்துக் கொடுத்தார். “ஆண்டுத் திவசம்தானே” என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கிண்ணியாப் படகுக்காரர் நசார், வாப்பா ஓதி எண்ணிய, அறுந்துபோன தஸ்பீஹ் மணிகளைக் கொடுத்தார். அவருக்கு அது இறந்தவருக்காக ஓதும் கத்தம். விளக்கம் தேவைப்பட்டது எனக்கு மட்டும்தான்.

யோசப் கொடியோடு வாசலுக்கு வந்தபோது, வழிபாட்டுப் பொருள் என்று தடுத்து வைத்துப் படிவம் எடுத்தேன். அதில் ‘சமயம்’ என்று ஒரு கட்டம், ஒரு சொல்லுக்கே இடம். நான் படித்தவன் அல்லவா? கத்தோலிக்கம், ஆப்பிரிக்க மரபு, இந்து, இஸ்லாம் என்று கட்டம் தாண்டி மணிமணியாக எழுதினேன்.

மேலதிகாரி பார்த்துவிட்டு, “உம்மட எழுத்து நல்லாத்தான் இருக்கு. இப்ப இதை எங்க அனுப்புறது?” என்றார். எல்லா இடத்துக்கும் அனுப்பினார். ஒவ்வொரு சமய அலுவலகமும் மற்றதைக் கேட்கச் சொன்னது. பதினான்காம் நாள் விதியைக் காட்டினேன். கோப்பு வெளியே போயிருப்பதால் நாளைக் கணக்கெடுக்க முடியாதாம். கொடியோ பத்தடி தள்ளிப் பூட்டிய அறையில் கிடந்தது. அது போக வேண்டிய தண்ணீர் என் கதிரையிலிருந்தே தெரிந்தது.

“மேசைத்துணி எண்டு எழுதியிருந்தா முடிஞ்சுது, சேர்” என்றார் நசார். “நீங்க படிச்ச ஆள். என்ன செய்யிறது.”

தம்பி மூழ்கி ஒரு வருடமும் ஒரு நாளும் ஆன அந்த நாளும் வந்தது. ஒரு மணி நேரத்துக்காவது தர முடியுமா என்று யோசப் கேட்டார். சாவி என் காற்சட்டைப் பையில் இருந்தது. முடியாது என்றேன். விதிப்படி பதினான்கு நாள் எப்போதோ கழிந்திருந்தது. விதியை எடுத்துக் காட்டியவனே நான்தான். அவர் தன் சமையல் ஏப்ரனை ஒரு மூங்கிலில் கட்டிக்கொண்டு நசாரின் படகில் போனார். நெடுநேரம் கூப்பிடுவது வாசல்வரை கேட்டது. திரும்பி வந்தபோது தம்பி வந்தானா என்று நான் கேட்கவில்லை.

பிறகு கப்பலை இழுத்துப் போனார்கள். யோசப்பின் விலாசம் யாரிடமும் இல்லை. செல்வராணி அக்கா புல்மோட்டையில் மகளோடு. நசார் படகை விற்றுவிட்டார். கொடியை எலி தின்றுவிட்டதாகக் களஞ்சியப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகும் நான் அந்தச் சமய அலுவலகங்களுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் பதில் வந்தது: மேற்படி துணிக்கு அனுமதி எதுவும் தேவையில்லை. கடிதம் என் கைக்கு வந்தது நான் ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம், தைப்பூசத்துக்கு மறுநாள்.