லாசினாவின் வாய்

எங்கள் தூகான் ஊர்க் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன் லாசினா டொயே வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. மைதான வாசலில் பயறுச் சோறு விற்கிற நான்தான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேனே! பந்து வருமிடத்தில் முன்பே போய் நின்றிருப்பான். தரையில் சறுக்கிக் காலை நீட்டுகிற வேலையே கிடையாது. எதிராளியை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கிக் கோட்டுப் பக்கம் கொண்டுபோய், பந்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு திரும்புவான். அதுவரை வாய் மூடாது.

அந்த வாய்க்குத் தீனி மொசிக்காரர்கள்தான். நாங்கள் சாமோ இனம், அவர்கள் பக்கத்து இனம். சாமோவும் மொசியும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் "அடிமை" என்று திட்டியே ஆகவேண்டும். மாமன் மச்சான் கேலி மாதிரி. சாவு வீட்டில்கூட விடமாட்டோம். அதற்குக் கோபப்படுகிறவன் மனுஷனே இல்லை.

முப்பது தாண்டியும் தலைநகர் அணி எதுவும் அவனைக் கூப்பிடவில்லை. "ஓட்டம் இல்லை" என்பார்கள். கண் அவிந்தவர்கள்! கடைசியில் போன மாதம் தலைநகர் வாகடூகுவிலிருந்து ஒரு பயிற்சியாளர் அவனைப் பார்க்கவே வந்தார். இதை விட்டால் இனி இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

அன்று நடுவர் கடலோர நாட்டுக்காரர், ஊருக்குப் புதியவர். இரண்டாம் பாதியில் எதிரணியின் நொபிலா பந்தோடு வந்தான். அசல் மொசி. லாசினா வழக்கம்போல ஆரம்பித்தான்.

"வாடா என் அடிமை! கழுதைத் தலை தின்னி! எஜமான் வீட்டுக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

விசில் ஒலித்தது. நடுவரின் கை சிவப்பு அட்டைக்குப் போனது.

நொபிலா பேசாமல் இருந்திருக்கலாம். லாசினா வெளியே போனால் அவனுக்கு லாபம்தானே! ஆனால் அவன் ஓடிப்போய் நடுவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, அதை உள்ள வைங்க. இவன் எங்க வீட்டு அடிமை. இவன் திட்டாட்டிதான் எனக்கு அவமானம்!"

"யாருடா அடிமை? உங்க தாத்தனையே ஒரு கூடை வேர்க்கடலைக்கு வாங்கினவங்கடா நாங்க!" என்றான் லாசினா. அடப்பாவி, அப்போதாவது சும்மா இருக்கக் கூடாதா?

நடுவரின் கை மறுபடி சட்டைப்பைக்குப் போனது. மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளூர்க் கோட்டு நடுவர் ஓடிவந்து விஷயத்தைச் சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அதன்பின் நொபிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினான். லாசினா ஒருமுறைகூட அவனைத் தாண்ட விடவில்லை. கோல் விழாமலே ஆட்டம் முடிந்தது.

இருவரும் என் கடையில் ஒரே தட்டில் சாப்பிடும்போது பயிற்சியாளர் வந்தார்.

"உனக்கு ஓட்டம் இல்லதான். ஆனா உன்னத் தாண்டி ஒருத்தனும் ஓடலையே. திங்கக்கிழமை எங்ககிட்ட வந்து சேர்றியா?"



"வருவான். நான் சொன்னா வருவான்," என்றான் நொபிலா.

"நீ யாருடா சொல்ல?" என்று கேட்டபடியே, சோற்றுக் கையோடு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான் லாசினா.