காப்புறுதி இல்லாமல் வந்த பெரியம்மா

எங்கள் தொடர்மாடியில் யாராவது வெளிநாடு புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நானே வலியப் போய்க் கதவைத் தட்டுவேன். "இன்சூரன்ஸ் எடுத்திட்டியளோ?" என்பதுதான் என் முதல் கேள்வி. நான் கமிஷனுக்காகக் கேட்பதாகக் கீழ்வீட்டுக்காரர் சொல்லித் திரிகிறாராம். திரியட்டும். உண்மைக் காரணத்தைச் சொல்வதைவிட அந்தக் கெட்ட பெயர் எனக்கு மேல்.

அது போர்க்காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் வேலை. கல்யாணம் கட்டவில்லை. அம்மா போனபிறகு தங்கச்சியை வளர்த்துப் படிப்பித்து, கனடாவில் இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தது நான்தான். அவளுக்கு முதற்பிள்ளை வரப்போகிறது என்றதும், தாய் செய்யவேண்டியதைச் செய்ய நான்தானே போகவேண்டும்? ஆறு மாத விசா கிடைத்தது. அலுவலகத்தில் சம்பளமில்லாத லீவும் கொடுத்தார்கள்.

என்னிடம் தொலைபேசி இல்லை. காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போய், ஒரு சின்னக் கூண்டுக்குள் நின்று கதைக்கவேண்டும். உள்ளே கதைப்பது வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும். புறப்படுவதற்கு முன் தங்கச்சியின் கணவர் அந்தத் தொலைபேசியில்தான் சொன்னார்.

"அக்கா, டிக்கெட் போடேக்க ஒரு டிராவல் இன்சூரன்ஸும் எடுத்திட்டு வாங்கோ."

"என்னத்துக்கு? கனடாவில மருந்து சும்மா எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்."

"அது இங்க இருக்கிற ஆக்களுக்கு அக்கா. விசிட் வாற ஆக்களுக்கு இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைப்பேறு பார்க்க வருகிறவளிடம் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கதைக்கிறாரே, இவ்வளவு கஞ்சனா என்று நினைத்தேன். எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் யாராவது காசா கேட்கிறார்கள்? இந்தச் சிறிய நாடு கொடுப்பதை அந்தப் பெரிய நாடு கொடுக்காதா? கோபம் வந்தால் எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும்.

"தம்பி, நான் ஒவ்வொரு நாளும் கோட்டைக்கு பஸ்ஸில போய் வாறன். எந்த பஸ்ஸில குண்டு இருக்கெண்டு தெரியாது. அதுக்கே நான் இன்சூரன்ஸ் எடுக்கேல்லை. குண்டில்லாத நாட்டுக்கு வாறதுக்கு எடுக்கிறதோ? பயப்பிடாதேங்கோ, உங்களுக்குச் செலவு வைக்கமாட்டன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பெரிய வெற்றி பெற்றவள்போல வெளியே வந்தேன்.

அப்போது எங்களில் பலர் அப்படித்தான் நினைத்தோம். ஆபத்தெல்லாம் இங்கே, செக்பொயின்டுகளைத் தாண்டிக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிவிட்டால் பிறகு ஒன்றுமில்லை. எங்கள் உடம்பும் எங்களோடு விமானம் ஏறுகிறது என்ற யோசனை வரவில்லை. டிக்கெட் போட்ட இடத்திலும் காப்புறுதி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தக் காசுக்குச் சரக்குத்தூள் வாங்கினேன். பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைத்துக் கொடுப்பதற்காக மிளகு, மல்லி, மஞ்சள் எல்லாம் சேர்த்து இடித்த தூள்.

பேறு சுகமாக நடந்தது. ஆண் பிள்ளை. அவனுக்கு ஒரு மாதம் நிறையுமுன் எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. வாயு என்று சொல்லி இஞ்சி அவித்துக் குடித்தேன். செலவு வைக்கமாட்டேன் என்று சொன்ன வாய் அல்லவா, நோகிறது என்று சொல்ல மறுத்துவிட்டது. குடல்வால் வெடித்து நான் குளியலறையில் விழுந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காப்புறுதி எடுத்திருந்தால் முதல் நாளே வலிக்கிறது என்று சொல்லியிருப்பேன். காசைவிடக் காப்புறுதி தரும் பெரிய உதவி அதுதான் என்று இன்று நினைக்கிறேன்.

கட்டிலருகே வந்த பெண் காப்புறுதி விவரம் கேட்டபோது நான் நித்திரைபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். "இல்லை" என்று தங்கச்சியின் கணவர்தான் சொன்னார். சீழ் பரவியிருந்ததால் வெட்டித் தைத்த பிறகும் பல நாள் படுக்கை. வீட்டுக்கு வந்தால், பச்சை உடம்புக்காரியான தங்கச்சி அடுப்படியில் நின்று, நான் கொண்டுபோன அதே தூளில் எனக்குக் கறி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிப் பணத்தைத் தவணையில் கட்ட அவர் இரண்டாவது வேலை ஒன்று எடுத்தார். பகலில் தொழிற்சாலை, அது முடிய ஒரு உணவகத்துச் சமையலறை. பிள்ளை எழும்ப முன் போவார். அது உறங்கிய பின் வருவார். நான் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினேன்.

"வையுங்கோ அக்கா. நோய் வருத்தம் ஆருக்கும் வரும்தானே."

நான் அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் சொல்லாததுதான் என்னைக் கூசவைத்தது.

பிள்ளை என் மடியில் வளர்ந்தான். அவன் முதன்முதல் குப்புற விழுந்ததை நான் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்ததையும் நான்தான் பார்த்தேன். தகப்பன் அதையெல்லாம் கேட்டுத்தான் அறிந்தார்.

விசா முடிந்து நான் திரும்பும் நாளில் அவர் லீவு போட்டார். விமான நிலையத்தில் நான் பையைத் தூக்குவதற்காகப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவன் அலறினான். உடம்பை வளைத்து, இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டி, மூச்சு அடைக்கும்படி அழுதான். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ் அம்மா சிரித்தார்.

"பெரியம்மாவை விட்டிருக்க மனமில்லைப்போல, பாவம்!"

பிள்ளை அழுதது என்னைப் பிரிவதற்காக அல்ல. தன்னைத் தூக்கி வைத்திருந்த அந்த ஆள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேரம் போகுது அக்கா. உள்ளுக்குப் போங்கோ."