இரண்டு கையிலும் நங்கூரம்

கணினி விளையாட்டுகளில் நடமாடும் ஆட்களுக்குத் தோல் போடுவது என் வேலை. களிமண்ணில் பிசைந்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஓர் உருவத்தை யாரோ செய்து அனுப்புவார்கள். கன்னத்துச் சிவப்பு, முழங்கைக் கருப்பு, கழுத்துச் சுருக்கம், சட்டை மறைத்த இடத்துக்கும் வெயில் பட்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் அதன்மேல் நான் தீட்ட வேண்டும். கடியப்பட்டணத்தில் அண்ணன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக இதைச் செய்கிறேன். கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று முடித்துவிடுவேன். தோல் போடுகிறேன் என்று வெளியே சொன்னால் வருகிற ஒன்றிரண்டு வரனும் ஓடிப்போகும் என்பது மைனியின் கருத்து. மைனி என்றால் அண்ணன் மனைவி.

இந்தத் தொழிலில் சொந்த அபிப்பிராயம் வைத்துக்கொள்ள இடம் குறைவு. ஆனாலும் டாட்டூ விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரு கையின் தோலை மயிர்க்கால் மயிர்க்காலாக உட்கார்ந்து தீட்டியிருப்பேன். முடிகிற நேரத்தில், தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு டாட்டூ போட்டுவிடலாமே என்று செய்தி வரும். போட்டால் நான் செய்ததெல்லாம் அந்த மைக்குக் கீழே போய்விடும். வில்லன் என்றால் மண்டையோடு, நாயகி என்றால் பட்டாம்பூச்சி, என்ன போடுவதென்று தெரியாவிட்டால் கூர்கூராகக் கறுப்பு வளைவுகள். இந்த ஆள் இதை எந்தக் கிறுக்கில் குத்திக்கொண்டான், வலித்ததா, வீட்டில் திட்டு வாங்கினானா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. கடுப்பாக இருக்கும்.

போட்டே ஆக வேண்டும் என்றால் மங்கிய பச்சைதான் எனக்குப் பிடிக்கும். புதுக் கறுப்பு, ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தோலுக்கு மேலே நிற்கும். உண்மையில் மை தோலுக்கு உள்ளே அல்லவா இருக்கிறது? அதன்மேல் முடி முளைக்கும், வியர்க்கும், வெயில் அடிக்கும். வருஷம் போகப் போகக் கறுப்பு நீலமாகும், நீலம் பச்சையாகும், கோட்டின் ஓரம் ஈரத்தாளில் எழுதிய எழுத்துபோல் கசிந்து பரவும். அந்தக் கசிவைக் கொண்டுவருவதில் எனக்குத் தனி ருசி. எவ்வளவு வெயிலுக்கு எவ்வளவு மங்கும், எந்த இடத்தில் முதலில் அழியும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிற்று. இன்னொரு பழக்கமும் உண்டு. டாட்டூவைத் தோலோடு சேர்த்துத் தீட்ட மாட்டேன், தனி லேயரில்தான் போடுவேன். நாளைக்கு யாராவது வேண்டாம் என்றால் ஒரு சொடுக்கில் எடுத்துவிடலாம், அடியில் என் தோல் பத்திரமாக இருக்கும். எங்கள் குழுத்தலைவர் எனக்கு டாட்டூ போலீஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அவர் ஒரு நாள் அழைத்து, புது விளையாட்டுக்கு மீனவர் ஒருவர் வேண்டும் என்றார். கதையில் அந்த ஆளுக்குப் பெரிய வேலை இல்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பார். நாயகன் வந்து வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். நீட்டும்போது கை திரை முழுக்கத் தெரியும், அதனால் கையில் கவனம் வை என்றார்.

கைக்கு நான் எங்கே போவேன்? கீழே ஹாலில் ஒரு கை சும்மா இருந்தது. அண்ணன் குளச்சலிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை செய்கிறவன். போனால் வாரக்கணக்கில் வர மாட்டான். அப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தான், வீட்டில் இருப்பது அவனுக்கும் வீட்டுக்கும் அலுத்துப்போயிருந்தது. மழை மூட்டம் போட்ட ஒரு பகலில், கையைப் படம் எடுக்க மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூட்டத்தில் நிழல் விழாது, தோல் உள்ளபடி தெரியும்.

"கைய நீட்டு. திருப்பு. இனி வெரல விரி."

"எதுக்குட்டி, ரேக பாக்கவா? எப்பம் பணக்காரன் ஆவேன்னு சொல்லு."

கொடியில் கிடந்த துணிகளை எடுக்க வந்த மைனி நின்று பார்த்தாள். "அவருக்க மூஞ்சிய எடுத்துராத மக்கா. வெளையாடுத பிள்ளைய பயந்துரும்."

தூண்டில் கயிறு அறுத்த தழும்பு, உள்ளங்கைக் காய்ப்பு, நகக்கண்ணில் ஏறிய கறை எல்லாவற்றையும் எடுத்தேன். அவனுடைய இடது முன்கையில் ஒரு நங்கூரம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் கோவில் திருவிழாவில், வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவன் குத்தியது. அன்றைக்கு அந்தப் போட்டில் போகிற எல்லோரும் சேர்ந்துபோய் ஆளுக்கொரு படம் குத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்கு நட்சத்திரம், ஒருவனுக்குச் சங்கு, அண்ணனுக்கு நங்கூரம். குடித்துவிட்டு ஆடிய கூத்து என்று மைனி பல நாள் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. எனக்குக் கூத்துகூடப் பரவாயில்லை. நங்கூரத்தின் ஒரு கொக்கி கோணிக்கொண்டு கீழே தொங்கியது, அதுதான் கண்ணை உறுத்தும்.

படங்களைக் கணினியில் ஏற்றியதும் நான் செய்த முதல் வேலை, அந்த நங்கூரத்தை அழித்ததுதான். எல்லோரும் செய்வதே. பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் பரப்பினால் சுத்தமான தோல் கிடைத்துவிடும். கோணல் கொக்கியைக் கொஞ்சம் ஆசையோடு அழித்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் அண்ணனை மாடிக்கு அழைத்துக் காட்டினேன். மதியச் சாப்பாடு முடிந்து, மீன் குழம்பு வாசம் போகாத கையோடு வந்து உட்கார்ந்தான். திரையில் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தழும்பைப் பார்த்துத் தலையாட்டினான். மணிக்கட்டு மச்சத்தைக் கண்டுபிடித்துச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பச்சை எங்கட்டி?"

"எடுத்துட்டேன். அது கோணல்லா?"

"அப்பம் இது ஆரு?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போலத்தான் கேட்டான். உன் கைதான் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான். அந்தத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பக்கத்துக் கரை ஒன்றில் ஓர் உடல் ஒதுங்கியிருந்தது. முகம் இல்லை, துணி இல்லை. அந்தச் சமயத்தில் ஆளைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து பெண்கள் வந்து பார்த்தார்கள். என்னுடையவர் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கரையில் நின்று அதைப் பார்த்த அண்ணனும் கூட்டாளிகளும் தங்களுக்குள் பேசி முடிவு செய்ததுதான் அந்தப் பச்சை. ஒருவனுடையது இன்னொருவனுக்கு வரக் கூடாது என்பதால்தான் ஆளுக்கொரு படம்.

"இப்பம் டி.என்.ஏ. டெஸ்ட் எல்லாம் உண்டே அண்ணா" என்றேன்.

"உண்டு. அனுப்பி, ரிசல்ட் வர எவ்வளவு நாளாவும்? அதுவர ஒனக்க மைனி வாசலப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? கண்டா ஒடனே தெரியணும். அழுதுட்டு, மத்த காரியத்தப் பாக்கணும்." சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, "அவட்ட சொல்லாத. குடிச்சுட்டுக் குத்துனேன்னே இருக்கட்டு. அவளுக்குக் கையத் தெரியும், அது போதும்" என்றான்.

அவன் இறங்கிப் போன பிறகு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்த மட்டும் நேர்த்தியாகச் செய்த கை. யாருடைய கையாகவும் இருக்கலாம் போல இருந்தது.

குழுத்தலைவரை அழைத்து, மீனவர் கையில் ஒரு பச்சை போட அனுமதி கேட்டேன். டாட்டூ போலீஸா கேட்கிறது என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். கோணல் கொக்கியைக் கோணலாகவே வைத்தேன். கொஞ்சம் மங்கவைத்து, ஓரத்தைக் கசியவிட்டு, மேலே முடி விட்டு, ஒரே மூச்சில் முடித்தேன். அந்த மூச்சில்தான் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறைச் செய்தேன்.

ஓர் உருவத்தின் தோலை உரித்துத் துணிபோல் விரித்து வைத்துத்தான் தீட்டுவோம். இடம் மிச்சம் பிடிக்க இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே துண்டைக் கொடுப்பது வழக்கம், தையல்காரர் துணியை மடித்துப்போட்டு ஒரே வெட்டில் இரண்டு கைகளையும் எடுப்பது மாதிரி. வெறும் தோல் என்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் துண்டில் ஒரு படம் போட்டால் இரண்டு கையிலும் விழும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்று மற்றதற்குத் திரும்பி நிற்கும். டாட்டூ போடுவதற்கு முன் துண்டைப் பிரித்துவிட வேண்டும். நான் மறந்துவிட்டேன்.

மறந்தது தெரியாமல் அண்ணனை மறுபடி அழைத்தேன். உருவத்தைச் சுழற்றிக் காட்டினேன். இடது கையில் நங்கூரம். வலது கை திரும்பி வந்தது, அதிலும் நங்கூரம். கோணல் கொக்கி உட்பட.

"ஐயோ, தப்பாயிட்டு. இப்பம் எடுத்துருதேன்" என்று சுட்டியைப் பிடித்தேன்.

"இரு. எடுக்காத." முன்னால் குனிந்து பார்த்தான். "இது கொள்ளாம்ட்டி, நல்லதுதான். ஒரு கைய மீனு தின்னாலும் மத்தது உண்டுல்லா."

வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, அறிவு இருக்கா என்று அவனைத் திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்துத் திரையை ஒரு படம் பிடித்துக்கொண்டான். கூட்டாளிகளுக்குக் காட்டுவதற்கு என்று நினைத்தேன்.

இரண்டு கையோடேயே அனுப்பினேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. மறுநாளே வலது கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பிரதிபலிப்புத் தவறு, சரி செய்யவும் என்று திரும்பி வந்தது. நியாயம்தான். துண்டைப் பிரித்து, வலது கைக்குச் சுத்தமான தோல் போட்டு அனுப்பினேன். அந்த மீனவர் இப்போது இடது கையில் மட்டும் நங்கூரத்தோடு வலை தைத்துக்கொண்டிருக்கிறார். வழி கேட்டால் அந்தக் கையைத்தான் நீட்டுகிறார்.

தடைக்காலம் முடிந்து அண்ணன் கடலுக்குப் போனான். அவன் திரும்பி வந்த அன்று மைனி போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. இறங்கிப் போனேன். போட் குளச்சலில் கரை பிடித்ததும் வீட்டுக்குக்கூட வராமல் போய்க் குத்திக்கொண்டு வந்திருந்தான். வலது முன்கை சிவந்து வீங்கியிருந்தது. கைபேசியில் பிடித்த படத்தைக் காட்டி அப்படியே போடு என்றிருக்கிறான். நான் திரையில் அழித்த அதே நங்கூரம், அதே கோணல் கொக்கி, அதே கண்ணாடித் திருப்பலோடு அவன் கையில் இருந்தது. புதுக் கறுப்பு, ஸ்டிக்கர் ஒட்டியதுபோல்.

"ஒண்ணு போராதுன்னு ரெண்டாவதா? எல்லாம் இவ கம்ப்யூட்டர்ல காட்டிக் குடுத்தது" என்று மைனி என்னையும் சேர்த்துத் திட்டினாள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

சில நாள் கழித்து, புண் ஆறிய பிறகு, அவன் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மைனி பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தக் கையில் தடவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்தேன். அவள் நிமிராமல், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மக்கா, ஒனக்கு இதெல்லாம் தெரியும்லா. இது மங்குமா?"

"எதுக்குக் கேக்கியோ?"

"வெயிலு பட்டா மங்குமா? உப்புத் தண்ணியில ரொம்ப நாளு கெடந்தாலும் தெரியுமா?"

அவள் எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "அண்ணைக்கு ஆளக் காணாத பொம்பளையளுக்குத் துணையா நானும் அந்தக் கரைக்குப் போனவதான். அவரு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல" என்றாள்.

மங்கும். கறுப்பு நீலமாகும், நீலம் பச்சையாகும், கொக்கியின் மெல்லிய நுனிதான் முதலில் அழியும். அது எனக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

"மங்காது மைனி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கைக்கு எண்ணெய் தொட்டாள்.