கட்டைவிரலைத் தெரியாத போன்

கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்லி மாப்பிள்ளையின் கையைப் பிடித்த ஜமால் பாய் அதே வாக்கில் சட்டை ஓரத்தையும் பிடித்துவிட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இரண்டு தேய் தேய்த்தார். “நூத்திப் பத்துங்க. வெயிலுக்குத் தாங்கும்” என்றார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி பேகம், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஜமால் பாயைக் கூட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போனால் இதெல்லாம் உண்டு.

டாக்டரின் வெள்ளைக் கோட்டு, பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தோளில் போட்ட துண்டு, எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. துணிக்கடைகளுக்குப் பேகம் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். கடைக்காரர் ஒரு கணக்குச் சொல்ல, இவர் விரல் வேறு கணக்குச் சொல்லும். அப்புறம் எப்படிப் பேரம் படியும்?

அவிநாசிபாளையம் போகும் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் துணிப் பிரிவுக்கு ஜமால் பாய்தான் பொறுப்பு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அங்கே பேச்செல்லாம். அதை ஜிஎஸ்எம் என்பார்கள். வட்டமாக வெட்ட ஒரு கட்டர், நிறுத்துப் பார்க்க ஒரு தராசு, எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ரோல் வந்து இறங்கியதும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஜமால் பாயின் முகத்தைத்தான். அவர் தேய்த்துச் சொன்ன பிறகு தராசு சாட்சிக்கு.

இருபத்தேழு வருஷம் தேய்த்ததில் துணி தேய்ந்ததோ இல்லையோ, விரல் தேய்ந்துவிட்டது. ரேகை என்று சொல்ல அதில் ஒன்றும் பாக்கி இல்லை. ரேஷன் கடை மெஷின் அவரை ஆளாகவே ஒப்புக்கொள்ளாததால் பேகம்தான் போகிறார். போனும் அப்படித்தான். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாகிவிட்டது.

இது ஒரு பெரிய சங்கடம் என்று தெரியவந்தது, கம்பெனி அவர் போனுக்குப் பூட்டுப் போட்டபோது. ஆர்டர் மெயிலைச் சொந்த போனில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கம்பெனியின் பாதுகாப்பு ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டிருந்தார். ஆறு இலக்க எண். மாதம் ஒரு தரம் புது எண். பத்து தடவை தப்பாகப் போட்டால் போன் முழுக்கத் துடைத்துவிடும். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து தமிழ்மதி வந்து இதை விளக்கினாள். ஜமால் பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏனம்மணி, போன் என்ரதுதானுங்களே?”

“உங்களுதுதானுங்ணா. மெயில் கம்பெனியுது.”

“அப்ப மெயிலுக்குப் பூட்டுப் போடுங்க. ஊட்டுக்குள்ள ஒரு பொட்டிய வெச்சுப்போட்டு, ஊட்டையே சேத்துப் பூட்டுனா எப்படிங்?”

தமிழ்மதியிடம் கையெழுத்துப் போட ஒரு தாள்தான் இருந்தது. மெயில் இல்லாமல் துணிக்காரர் என்ன செய்வார்? போட்டார்.

முதல் மாதம் கூத்துதான். ஜமால் பாய்க்கு எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் அமுக்க வராது. இரண்டே வாரத்தில் கட்டிங் பிரிவு முழுவதற்கும் அது மனப்பாடம். கை வேலையாக இருக்கும்போது டீ கொண்டுவருகிற ஜானகியம்மாளே போனைத் திறந்து அவர் காதில் வைத்தார். தமிழ்மதிக்கு அழுகை வராத குறை. இனிமேல் வாயால் சொல்லக் கூடாது, எங்கேயும் எழுதி வைக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஜமால் பாய் அதைச் சிரமேற்கொண்டார். எண்ணுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிற ஆர்டரில் உடம்புத் துணியின் ஜிஎஸ்எம் மூன்று இலக்கம், கழுத்துப் பட்டித் துணியின் ஜிஎஸ்எம் மூன்று இலக்கம். ஆறு வந்துவிட்டது. எழுதி வைக்க என்ன இருக்கிறது?

வினையும் அதில்தான் இருந்தது. எடை மாறினால் பழைய எண்ணை மறந்துவிடுவது இந்தத் தொழிலில் ஒழுக்கம். பழைய எடை மனதில் நின்று, அதே எடையில் ஒரு லோடு நெய்துவிட்டவர்களை ஜமால் பாய் பார்த்திருக்கிறார். அதனால் திருத்தம் வந்த நிமிடமே பழைய தாளைக் கிழித்துப் போடுவார். மனசிலிருந்தும் கிழித்துப் போடுவார். அப்படியொரு பழக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் போன் புது எண் கேட்டது, அப்போது மேஜையில் இருந்த எடையைப் போட்டுவைத்தார். அதே காலையில் பையருக்கும் உடம்புத் துணியின் எடையில் மனசு நிற்கவில்லை. நூற்றித் தொண்ணூறு, நூற்றியெண்பது, நூற்றியெழுபது என்று மாதிரி ரோல்கள் மேஜைக்கு வருவதும் போவதுமாக இருந்தன. கடைசியில் மதியம், நூற்றியறுபது என்று முடிவானது. ஜமால் பாய் மற்றதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

சாப்பிட்டு வந்து நூற்றியறுபது, கழுத்துப் பட்டிக்கு இருநூற்றியிருபது என்று அமுக்கினார். திறக்கவில்லை. போன்தான் மந்தமாக இருக்கிறது என்று அதையே ஆறு தடவை. திருப்பிப் போட்டு ஒரு தடவை. நூற்றியெழுபது வைத்து ஒரு தடவை, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று திரை சிவப்பில் காட்டியபோதுதான் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தமிழ்மதியைக் கூப்பிட்டார்.

தமிழ்மதி ஓடி வந்தாள். கம்பெனியிலிருந்து பூட்டை எடுக்கலாம், எடுத்தால் போன் துடைத்துத்தான் வரும் என்றாள். “மெயிலெல்லாம் திரும்ப வந்துருமுங்ணா. உங்க சொந்தப் படங்கதான் வராது.”

ஜமால் பாய் உட்கார்ந்துவிட்டார். மகள் மஹ்னூர் பிரசவத்துக்கு வந்து பதினைந்து மாதம் இருந்துவிட்டு, இப்போதுதான் மஸ்கட் திரும்பியிருந்தாள். பேத்தி மெஹ்ஜபின் அவர் வீட்டு ஹாலில் முதல் முதலாக நான்கு அடி நடந்ததை அவர்தான் எடுத்தார். வேறு யாரிடமும் இல்லை. அனுப்புங்க அத்தா என்று மஹ்னூர் நான்கு தரம் கேட்டிருக்கிறாள். எடுத்துப் பத்திரப்படுத்துங்கள் என்று தமிழ்மதியும் சொல்லியிருக்கிறாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். எத்தனை நாளைக்கு!

கட்டிங் மாஸ்டர் கன்னையன் குண்டடத்துக்காரர், எதற்கும் பதறாதவர். மேஜைக்கு வந்த எடைகளை நிதானமாக எண்ணிப் பார்த்தார். மிச்சம் இருப்பது நூற்றித் தொண்ணூறா, நூற்றியெண்பதா என்பது மட்டும்தான். அதில் எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஜமால் பாய்க்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த துணித்துண்டால் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

கண்ணாடி துடைக்க அவர் கடையில் துணி வாங்குவதில்லை. மேஜையில் எந்த ரோல் கிடக்கிறதோ அதில் தீப்பெட்டியளவு வெட்டிக்கொள்வார். காலையில் போன் எண் கேட்டபோது, பொடி எழுத்துத் தெரியவில்லை என்று ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் எண்ணையே போட்டார். அந்தத் துண்டுதான் இது.

கன்னையன் தராசைக் கொண்டுவரச் சொன்னார். கட்டருக்குத் துண்டு போதவில்லை. மூன்று பேரும் கட்டைவிரலையே பார்த்தார்கள். ஜமால் பாய் கண்ணை மூடித் தேய்த்தார். நிறுத்தினார். மறுபடி தேய்த்தார்.

“நூத்தியெண்பத்தஞ்சுங்க” என்றார்.

“அப்படியொரு எடையே வரலைங்களே, பாய்” என்றார் கன்னையன்.

“காலைல இருந்து வேர்வை, இப்பக் கண்ணீரு. ஈரத்துக்கு அஞ்சு கழிங்க.”

பிஸ்மில்லா சொல்லி, இந்தத் தடவை எண்ணை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அமுக்கினார். போன் திறந்தது. கன்னையன் பெருமூச்சு விட்டு, துணி விரிக்கிற மேஜையில் சாய்ந்தார். தமிழ்மதி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வேறு எதையும் தொடாதீர்கள், உடனே எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் ஏற்றிவிடலாம் என்று ஒயரை எடுக்க ஓடினாள்.

தொடாமல் இருப்பாரா? அவள் வருவதற்குள் வீடியோவைப் போட்டுவிட்டார். ஹால் டைல்ஸில் மெஹ்ஜபின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பனியன் துணிக் கவுன் முழங்காலில் தட்ட, தத்தித் தத்தி வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கன்னையன் எட்டிப் பார்த்தார். ஜமால் பாய் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்தக் கவுனின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார்.