என் லாரியின் தலையில் ஏறிய தண்ணீர்க் கேன்

எங்கள் சொந்தத்தில் ஒரு பம்பு நிபுணர் உண்டு. வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஷெட் போட்டு மோட்டார் பம்பு செய்து விற்கிறார். அதனால் உலகத்தில் தண்ணீர் எங்கே ஓடினாலும் தன்னைக் கேட்டுத்தான் ஓட வேண்டும் என்று நினைப்பு.

லாரி என்னுடையது. அப்பா கொடுத்த பழைய டீசல் வண்டி. டிரைவர் வைத்து ஓட்டுவது நான். காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லுக்கு வாரம் தவறாமல் லோடு அடித்தது. அந்த மில் ஒன்றுதான் எனக்கு நிலையான வாடிக்கை. இவருடைய ஷெட்டை நம்பியிருந்தால் வீட்டில் உலை கொதித்திருக்காது. அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் போனில் எதையோ பார்த்துவிட்டு என் வண்டியைத் திருத்தக் கிளம்பினார்.

"அம்மணி, எஞ்சின் இழுக்கற காத்துல தண்ணியப் பொகையாட்டத் தெளிச்சா சூடு கொறையும். டீசலும் மிச்சமாகும். வெளிநாட்டுல எல்லாரும் செய்யறாங்க."

"செய்யறவங்க செய்யட்டுமுங்க. இது நமக்குச் சோறு போடற வண்டிங்க," என்றேன். காதில் விழுந்தால்தானே!

கார் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குட்டி மோட்டார், மருந்தடிக்கும் நாசில், கொஞ்சம் டியூப், ஒரு தண்ணீர்க் கேன். இவ்வளவுதான் மாபெரும் கண்டுபிடிப்பு. பம்புக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு: தண்ணீர் பம்புக்குக் கீழே இருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும், தண்ணீர் ஏறாது. கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றியே பழகிய மூளை, கேனைக் கொண்டுபோய் கேபின் தலைமேல் கட்டி, டியூபை எஞ்சின் காற்றிழுக்கும் குழாய்க்குள் விட்டது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் ஓடியது. அதற்கே மீசையை நீவிக்கொண்டார்.

அதோடு விட்டாரா? மறுநாள் காலை பூஜை போட்டு, சொந்தக்காரர்கள் முன்னால் ஸ்டார்ட் செய்ய வேண்டுமாம். அன்றைக்கே வண்டி மில்லுக்குப் போயாக வேண்டும். வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நல்ல நேரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாதே! எங்கள் சிங்காநல்லூர் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை முந்தின சாயங்காலமே கேன் நிறைய ஊற்றி வைத்தார்.

"ஏனுங்க, மேல இருக்கற தண்ணி விடிய விடியக் கீழ எறங்காதுங்களா?"

"பம்பு செய்யறவன்கிட்டயே தண்ணியப் பத்திப் பேசற பாரு!" என்று சிரித்தார்.

காலையில் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாவியைத் திருப்பினார். டங்கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பழம்கூட நசுங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கேன் காலி. இரவெல்லாம் இறங்கிய தண்ணீர் எஞ்சினுக்குள் தேங்கியிருந்தது. பிஸ்டன் காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியுமா? மெக்கானிக் பிரித்தபோது உள்ளே பிஸ்டனைத் தள்ளும் ராடு வளைந்து கிடந்தது. கிணற்றில் விடும் பைப்புக்கு எல்லாம் தண்ணீர் திரும்பாதபடி வால்வு மாட்டச் சொல்லி ஊருக்கே வகுப்பெடுப்பவர், பெண்டாட்டி வண்டிக்கு ஒரு வால்வு மாட்டவில்லை. த்தூ!

"கண்ணு பட்டுப்போச்சுங்க," என்று சொல்லிவிட்டு, சொந்தக்காரர்கள் பொங்கலைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

மில்லுக்குப் போன் செய்தேன். முதலாளி சத்தம் போடவில்லை. "பரவால்லீங்க அம்மணி, நாங்க வேற வண்டி பாத்துக்கறமுங்க." எங்கள் பக்கத்தில் திட்டினால் இன்னும் உறவு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் 'பரவால்லீங்க'வைக் கேட்டதும் மெக்கானிக்கை அவசரப்படுத்த ஓடினேன்.

வண்டி சரியானதும் டிரைவரோடு நானே காங்கேயம் போனேன். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், மழையைப் பற்றிக்கூட விசாரித்தார்கள். வாசலில் வேறொரு லாரியில் எண்ணெய் டின் ஏறிக்கொண்டிருந்தது. "இனி அவங்களே ஓட்டட்டுமுங்க," என்றார் முதலாளி, தரையைப் பார்த்தபடி. திரும்பும் வழியெல்லாம் பின்னால் காலி வண்டி தடதடத்தது. டிரைவர் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டில் இவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வால்வு மாட்டியிருந்தா அருமையா ஓடியிருக்கும் அம்மணி."

"மொதல்ல அத உங்க வாய்க்கு மாட்டுங்க," என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். லாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு மில் ஏதாவது கிடைக்குமா என்று போன் போட உட்கார்ந்தேன்.