வௌவாலுக்கு இங்கிலீஷில் என்ன?

என் பேரைக் கெடுத்தவர் காசிம் பாய். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சிங்கப்பூர் ஜூரோங் மீன் துறைமுக வேலையைப் பற்றிப் பேசுவேன். ஐஸிலும் செதிலிலும் நின்று பிழைக்கிற உங்களுக்குத் தெரியும், மீன் வாடை குளித்தால் போகும், ஒருத்தன் வைத்த பட்டப்பேர் போகாது. என் பேர் கோவிந்தசாமி. துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள், அப்படி யாரும் இல்லை என்பார்கள்.

முதலாளி மகள்

எங்கள் சீன முதலாளிக்கு மலாய் தெரியும். "பாவால்" என்றால் போதும், வௌவால் மீன் வந்திருக்கிறது என்று புரிந்துகொள்வார். அவர் மகள் பொறுப்புக்கு வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான். என்ன மீன் வந்திருக்கிறது என்று போனில் கேட்டாள். எனக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியவில்லை. பக்கத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த காசிம் பாயிடம் கேட்டேன். "வௌவாலுக்கு இங்கிலீஷ்ல பேட். தைரியமா சொல்லுங்கண்ணே" என்றார்.

"மேடம், பேட் கமிங். பத்துப் பெட்டி. வெரி பிரெஷ்" என்றேன். அந்தப் பக்கம் ஒரே அலறல்.

"அங்கிள், டோன்ட் டச் லா! வாஷ் யுவர் ஹேண்ட்!"

செருப்போடு வந்தவர்

அன்றிலிருந்து நான் பேட் அங்கிள். ஃபேரர் பார்க்கில் குடியிருக்கும் சென்னைக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலை, வஞ்சிரம் வாங்க ரப்பர் செருப்போடு வந்து வழுக்கி என் மேலேயே விழுந்தார். காசிம் பாய்தான் என்னைத் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அந்தப் பேரைச் சொல்லியே.

"கடல்லேருந்து இப்பப் பிடிச்சதா?" என்றார்.

"லாரியிலேருந்து இப்ப இறக்கினது" என்றேன். முன்பு இந்தோனேசியப் படகுகள் முட்டிக்கொண்டு நிற்கும், இப்போது மலேசிய லாரிகள்தான் அதிகம் என்று பொறுமையாக விளக்கினேன். மனுஷர் யோசித்தார்.

"அப்புறம் எதுக்குத் துறைமுகம்னு பேரு? லாரி ஸ்டாண்டுன்னு வைக்க வேண்டியதுதானே, பேட் அங்கிள்?"

கேன்டீன் விருந்து

காசிம் பாய் வேலையை விட்டுப் போகிறார் என்று கேன்டீனில் பரோட்டா விருந்து. எனக்குப் பசியில்லை. எல்லார் முன்னாலும் அவர் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் போனேன்.

ஒத்துக்கொள்ளத்தான் எழுந்தார் போல. என் கையைப் பிடித்துத் தூக்கினார். "இவருக்கு நான் ஒரு துரோகம் பண்ணிட்டேன். இனிமே இவரை எல்லாரும் சொந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். என்னை மன்னிச்சிருங்க..." அங்கே நின்றுவிட்டார். கேன்டீனே அவர் வாயைப் பார்த்தது. மெல்ல என் பக்கம் குனிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, உங்க பேரு என்ன?"

ஒவ்வொரு மீனுக்கும் தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, சீனத்தில் ஒன்று என்று பேர் சொல்லத் தெரிந்த மனுஷரிடமிருந்து, என் ஒற்றைப் பேர் போட்ட முழு மன்னிப்பு ஒன்று எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.